கெட்டது கெட்டபடியே இருக்கட்டும்

பழுதான சாமான் ஒன்று கைக்கு வந்தால் சரிசெய்து திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் ‘இது ஆகாது’ என்று சொல்லிக் கையை விரிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக சர்வர், பிரிண்டர், யுபிஎஸ் என்று எதையாவது திறந்து மூடிக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு என்று தோன்றியதே இல்லை. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் பழைய டேப் டிரைவோடு, அதாவது கம்ப்யூட்டர் கோப்புகளைக் காந்த நாடாவில் பதிந்து வாசிக்கும் பெட்டியோடு, மல்லுக்கட்டப் போய்த்தான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. டிரைவ் பழுது. எங்கே பழுது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாயிற்று. சரிசெய்யத் தெரிந்த ஆளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதும் ‘அதுல கை வைக்காதீங்கண்ணா’ என்று தடுக்க வேண்டி வந்தது. இதைச் சொன்னால் கூட்டாளிகள் ‘அப்ப நீ ரிப்பேரே பண்ணலையா?’ என்று கேட்கிறார்கள். பண்ணினேனா இல்லையா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

கம்பெனி கோவையின் கணபதி பக்கம். முன்னால் ஆபீஸ், பின்னால் இரும்பு வார்க்கும் பவுண்டரி. எந்த நேரம் போனாலும் மேஜையில் விரலை இழுத்தால் கறுப்பாக ஒரு கோடு விழும். அவர்களுடைய பழைய வாடிக்கையாளர், ஒரு நூற்பாலை, கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: முன்பு வாங்கிய பம்புகளுக்கு இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், வேண்டும். அந்த மாடலை நிறுத்தியே பல வருஷம் ஆகிறது. வார்ப்புக்கு அச்செடுக்கும் மரப் பேட்டர்னைத் தேடி எடுத்தால் கரையான் அரித்து ஓடு மட்டும் நிற்கிறது. சரி, டிராயிங்கை எடுத்துப் புதுப் பேட்டர்ன் செய்துகொள்ளலாம் என்றால், டிராயிங் பழைய சர்வரில். பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க் 2007-லேயே போய்விட்டது. அப்போது கணக்கு வழக்குகளை மட்டும் புது சிஸ்டத்துக்கு ஏற்றிக்கொண்டு, நின்றுபோன மாடல்களின் டிராயிங்கை அப்படியே விட்டுவிட்டார்கள்.

‘ஆனா பேக்கப் பத்திரமா இருக்குதுங்க தம்பி’ என்றார் கணக்குப்பிள்ளை. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் முதலாளி விடாததால் வந்துகொண்டிருக்கிறவர். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி வைத்தார். கூடை நிறைய டேப். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. கூடவே நீளமான ஒரு கணக்கு நோட்டு: தேதி, டேப் நம்பர், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், வெரிஃபை, கையொப்பம். 1999-ல் தொடங்கி 2006 வரை, வெரிஃபை என்ற பத்தியில் பக்கம் பக்கமாக ‘ஓகே’. வங்கிகளில்கூட இவ்வளவு ஒழுங்கான பேக்கப் நோட்டை நான் பார்த்ததில்லை.

கூடைக்கு அடியில் டிரைவ் இருந்தது, செய்தித்தாளில் சுற்றி.

கேபிளும் கார்டும்

சாமான் டிடிஎஸ்-3 வகை. பாட்டு பதிவு செய்ய வந்த டாட் கேசட்டையே எடுத்து, சோனியும் ஹெச்பியும் சேர்ந்து 1989-ல் கம்ப்யூட்டருக்கு என்று மாற்றியமைத்தது டிடிஎஸ். அதன் மூன்றாம் தலைமுறை 1996-ல் வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட்டுக்குள் 125 மீட்டர் நாடா, அதில் 12 ஜிபி. அந்தக் காலத்துச் சின்ன ஆபீஸுக்கு அது தாராளம்.

முதல் தொல்லை டிரைவில் இல்லை, அதை எதில் மாட்டுவது என்பதில். ஸ்கஸி என்ற அந்தக் காலத்து இணைப்புக்கான 50 பின் கேபிள், அதன் முனையை அடைக்க டெர்மினேட்டர், அதற்கு ஒரு அடாப்டெக் 2940 கார்டு, அந்தக் கார்டு உட்கார பிசிஐ ஸ்லாட் உள்ள மதர்போர்டு. கார்டும் கேபிளும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. அங்கேயே அதே வகை டிரைவ் ஒன்றும் பழைய சாமான்களுக்கு நடுவே தூசி படிந்து கிடந்தது. இருக்கட்டும் என்று அதையும் வாங்கி வந்தேன். பென்டியம் 4 பெட்டி ஒன்று என் வீட்டுப் பரணிலேயே இருந்தது. ஸ்கஸி ஐடி மோதக் கூடாது, டெர்மினேஷன் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. இதெல்லாம் அந்தக் காலத்தில் கை பழகியவர்களுக்கு மறக்காது, பழகாதவர்களுக்கு இனித் தேவைப்படாது. லினக்ஸ் ஏற்றினேன். டிரைவ் தெரிந்தது. வேலை முடிந்து மூடியதும் தானாகவே ரீவைண்ட் ஆகிவிடாத என்எஸ்டி0 என்ற பெயரில் அதைத் திறந்து நிலவரம் கேட்டால், டென்சிட்டி 0x25, டிடிஎஸ்-3 என்று பதிலும் வந்தது. அந்த சர்வரை அமைத்தவர் யாரோ பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியிலிருந்து அமைத்திருக்கிறார். பேக்கப் எல்லாம் வெறும் டார், எந்த லினக்ஸிலும் பிரிக்கக்கூடிய கட்டு. ஏதோ ஒரு விலை போட்ட பேக்கப் மென்பொருளில் எடுத்திருந்தால் அந்த மென்பொருளைத் தேடியும் ஒரு அலைச்சல் அலைந்திருக்க வேண்டும். முகம் தெரியாத அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

டேப் எதையும் டிரைவில் போடுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்தாக வேண்டும். கேசட்டின் முதுகில் ஒரு சின்னத் தள்ளுமூடி இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால்தான் எழுதத் தடை. வெறுமனே வாசிக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிடக் கூடாது. டிடிஎஸ் டிரைவ், டேப்பை வெளியே தள்ளும்போது அதன் தொடக்கப் பகுதியில் தன் உபயோகக் குறிப்பை எழுதிவிட்டுத்தான் தள்ளும். பழுதான டிரைவ் அந்த இடத்தில் எதையாவது கிறுக்கிவைத்தால் அடுத்த முறை டேப்பே ஏறாமல் போகலாம். கூடையில் இருந்த அத்தனை டேப்புக்கும் உட்கார்ந்து மூடியைத் தள்ளினேன். சில மூடிகள் இறுகிப்போய் நகத்தைப் பதம் பார்த்தன.

டெக் அண்ணா

கம்பெனி டிரைவ் டேப்பை உள்ளே இழுத்தது, கொஞ்சம் முனகியது, ‘க்ளீன்’ விளக்கைச் சிமிட்டியது, வெளியே தள்ளிவிட்டது. க்ளீனிங் கேசட் போட்டால் சரியாகும் என்று கையேடுகள் சொல்லும். ஆனால் முன்கதவைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பவுண்டரித் தூசி. வார்ப்பு மணலும் இரும்புப் பொடியும் கலந்த தூசி. அதன்மேல் க்ளீனிங் கேசட்டின் சொரசொரப்பான நாடாவை ஓடவிட்டால், நாடாவில் எழுதி வாசிக்கும் ஹெட்டில் கோடு விழும். கையால்தான் துடைக்க வேண்டும். ஹெட்டோ சுண்டுவிரல் நகத்தில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத அளவு.

அந்த நேரத்தில்தான் டெக் அண்ணாவைத் தேடிப் போனேன். விசிஆரை நம் ஊரில் யாரும் விசிஆர் என்று சொன்னதில்லை, ‘டெக்’தான். கல்யாண வீட்டுக்கும் கோயில் விசேஷத்துக்கும் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்த காலத்தில் காந்திபுரத்தில் டெக் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இப்போது எல்இடி டிவி போர்டு மாற்றுகிறார். டிரைவின் மூடியைக் கழற்றி முன்னால் வைத்ததும் குனிந்து பார்த்தவர், ‘ஏனுங்க தம்பி, இது நம்ம டெக்குதானுங்களே, சோப்பு டப்பா சைஸுல பண்ணி வச்சிருக்கான்’ என்றார். வாஸ்தவம். சாய்ந்து நிற்கும் டிரம், அதன் விளிம்பில் ஹெட், டேப்பைக் கேசட்டிலிருந்து இழுத்து வந்து டிரம்மைச் சுற்றிப் போர்த்தும் இரண்டு கைடு போஸ்ட், நாடாவைப் பிடித்து நகர்த்தும் பின்ச் ரோலர், கேப்ஸ்டன். டேப் மெல்ல நகர, டிரம் வேகமாகச் சுழல, ஹெட் நாடாவின் குறுக்கே சாய்வாகக் கோடு கோடாக எழுதிக்கொண்டே போகும்.

சாமாய் தோல் ஒட்டிய குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டு, ஹெட்டின்மேல் அசையாமல் வைத்து, மறு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்றினார். மேலும் கீழும் ஒருபோதும் தேய்க்கக் கூடாது, ஹெட் உடைந்துவிடும். பஞ்சும் கூடாது, இழை மாட்டிக்கொள்ளும். தோல் கறுத்துக்கொண்டே வந்தது. வேறு வேறு குச்சி மாற்றினார். பின்ச் ரோலரின் ரப்பர் இறுகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. ரப்பருக்கு ஆல்கஹால் காட்டாமல் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மிக மெல்லிய எமரியால் மேல்தோலை மட்டும் எடுத்தார். இதெல்லாம் ஆன பிறகு டேப்பைப் போட்டால் விளக்கு பச்சையாகவே நின்றது. கூடையில் மேலாக இருந்த டேப்பிலிருந்து கோப்புப் பட்டியல் வரிசையாக ஓடத் தொடங்கியது. கணக்குப்பிள்ளைக்கு போன் போட்டுச் சொன்னேன். ‘நான்தான் சொன்னேனுங்களே’ என்றார்.

அவர் சொன்னது பாதிதான் சரி.

இரண்டு குவியல்

கூடையின் மேல்பக்கம் இருந்தவை 2005, 2006 டேப்கள். அவை சுணக்கமில்லாமல் வந்தன. இம்பெல்லர் டிராயிங் அவற்றில் இல்லை. சர்வரில் இடம் போதவில்லை என்று, நின்றுபோன மாடல்களை 2004-ல் ஒரு டேப்பில் ஏற்றிவிட்டு டிஸ்க்கிலிருந்து அழித்திருக்கிறார்கள். அப்போது எல்லா ஆபீஸிலும் நடந்ததுதான். சரி என்று 2004-ன் அந்த டேப்பைப் போட்டால் சில எம்பி வந்ததும் ‘மீடியம் எரர்’, நாடாவை வாசிக்க முடியவில்லை என்று. அதற்கும் பழைய டேப்களைப் போட்டால் டிரைவ் ஏற்றிக்கொள்ளவே மறுத்தது.

இந்த இடத்தில் யாருக்கும் தோன்றுவது, பழைய டேப் கெட்டுப்போயிருக்கும் என்பதுதான். வயதாக ஆக டேப் கெடும், ஆகவே பழையது முதலில் கெடும், கணக்கு ஒத்துப்போகிறது. ரிச்சி தெரு டிரைவை மாட்டி, வாசிக்கவே வாசிக்காது என்று ஒதுக்கிய 2000-ம் வருஷத்து டேப்பை அதில் போட்டேன். மடமடவென்று வந்தது. 2001, 2002 எல்லாம் வந்தன. அதே டிரைவில், கம்பெனி டிரைவ் அருமையாக வாசித்த 2006 டேப்பைப் போட்டால் தொடக்கத்திலேயே துப்பியது.

மேஜையில் டேப்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தபோது விஷயம் கண்ணில் பட்டது. 2003-க்கு முந்தியவை எல்லாம் ரிச்சி தெரு டிரைவில் வருகின்றன, கம்பெனி டிரைவில் வருவதில்லை. 2005 முதல் எழுதியவை எல்லாம் கம்பெனி டிரைவில் மட்டும் வருகின்றன. நடுவில் உள்ளவை இரண்டிலும் நொண்டுகின்றன. டேப் எதுவும் கெடவில்லை. 2003-ல் டிரைவுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகும் அது நிலைகொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே வந்து எங்கோ போய் நின்றிருக்கிறது.

கணக்குப்பிள்ளையின் நோட்டைப் புரட்டினேன். 2003-ன் பக்கம் ஒன்றில், ‘ஓகே’க்களின் நடுவே, பச்சை மையில் ஒரே ஒரு வரி: ‘டேப் சிக்கிக்கொண்டது. ஆள் வந்து கழற்றி எடுத்துக் கொடுத்தார். டிரைவ் ஓகே.’ மறுநாளிலிருந்து பழையபடி ஓகே, ஓகே, ஓகே.

டிடிஎஸ்-3ல் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 9.1 மைக்ரான், ஒரு மில்லிமீட்டருக்குள் நூறுக்கும் மேற்பட்ட கோடுகள். கைடு போஸ்ட் ஒரு துளி ஏறினாலோ இறங்கினாலோ டேப் டிரம்மைத் தொடும் உயரம் மாறும்; கோட்டின் சாய்வும் வளைவும் மாறும். ஆனால் எழுதும் ஹெட்டும் வாசிக்கும் ஹெட்டும் இருப்பது அதே டிரம்மில். எழுதி முடித்த கணமே வாசித்துச் சரிபார்க்கும் வசதி இந்த டிரைவுக்கு உண்டு. தான் கோணலாக எழுதியதைத் தானே அதே கோணலோடு வாசித்து, பிசகில்லை என்று சொல்லிவிடும். ராத்திரி ஓடிய வெரிஃபையும் அதே டிரைவில்தான். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்ட பையன் வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு வாங்கிய கதை. போதாக்குறைக்கு சி1, சி2, சி3 என்று மூன்றடுக்குப் பிழைதிருத்தம் வேறு. அந்த மூன்றும் தாங்குகிற வரை வெளியே சத்தமே வராது.

அந்த நோட்டில் இருந்த ஒரு ‘ஓகே’கூடப் பொய் இல்லை. இதுதான் எனக்கு உறுத்தல். பேக்கப் என்றாலே ‘எடுத்தால் போதாது, திருப்பி ஏற்றிப் பார்க்க வேண்டும்’ என்று நாங்கள் எல்லோரும் ஓதுவோம். கணக்குப்பிள்ளை அதையும் செய்திருந்தார். மாதம் ஒருமுறை ஒரு கோப்பைத் திருப்பி ஏற்றிப் பார்த்ததாகவும் நோட்டில் குறிப்பு இருக்கிறது. எந்த டிரைவில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சின்னக் கம்பெனி இரண்டாவது டிரைவ் ஒன்றை எதற்கு வாங்கி வைத்திருக்கும்?

உடைந்த பெயிண்ட்

டெக் அண்ணாவிடம் மறுபடி போனேன். லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு போஸ்ட்டைக் காட்டினார். கைடைத் திருகி உயரம் வைத்த பிறகு அது அசையாமலிருக்க, டிரைவ் தயாரித்த இடத்திலேயே ஒரு சொட்டு பெயிண்ட் வைத்துவிடுவார்கள், லாக் பெயிண்ட். ஒரு போஸ்ட்டில் அது முழுதாக, சிவப்பாக, மணிபோல் இருந்தது. இன்னொன்றில் நடுவே வெடித்து, பாதி உதிர்ந்து, திருகின் வாய் பளிச்சென்று தெரிந்தது. ‘சிக்கின டேப்ப எடுக்கறதுக்கு இதத் திருகியிருக்கானுங்க தம்பி. திருப்பி குத்துமதிப்பா வச்சிருக்கான். பெயிண்ட் வைக்கல. அதிருற அதிருல நாளாக நாளாக எறங்கியிருக்குது.’ சொல்லிக்கொண்டே அவர் கை திருகை நோக்கிப் போய்விட்டது. நுனியில் பிளந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர், அதற்கென்றே அவர் அரத்தால் ராவி வைத்திருந்தது. இந்த வேலையை எத்தனையோ ஆயிரம் டெக்குக்குச் செய்த கை அது.

‘வேண்டாங்கண்ணா.’

நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிஷ வேலை, அதற்கு ஏன் வேண்டாம் என்கிறான் என்ற பார்வை. ‘கெட்டுக் கெடக்குதுங்களே தம்பி’ என்றார். ஆமாம், கெட்டுத்தான் கிடக்கிறது. ஆனால் 2005, 2006 டேப்களை வாசிக்க இந்த உலகத்தில் தயாராக இருப்பது அந்தக் கோணல் ஒன்றுதான். அதை நேராக்கிவிட்டால் டிரைவ் நன்றாகிவிடும், டேப்கள் போய்விடும். எங்கே இருந்தது என்று குறித்துவைத்துவிட்டுத் திருகலாமே என்றால், அந்தக் குறிப்பையும் மைக்ரான் கணக்கில் அல்லவா எழுத வேண்டும்.

அவருக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ‘அட, வாடகைக் கேசட்டு’ என்றார். ஒரு டெக்கில் பதிந்த கேசட்டை இன்னொரு டெக்கில் போட்டால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். முன்பக்கம் டிராக்கிங் என்று ஒரு குமிழ் இருக்கும். திருகத் திருகக் கோடு கீழே இறங்கி மறையும். அந்தக் குமிழ் டெக்கைச் சரிசெய்யவில்லை. வேறொரு டெக்கின் பிசகுக்கு இந்த டெக்கை வளைந்துகொடுக்கச் செய்தது. கம்ப்யூட்டர் டிரைவில் அந்த வேலையை டிரைவே பார்த்துக்கொள்கிறது, அதுவும் ஓர் எல்லை வரைக்கும்தான். நாம் திருக வெளியே குமிழ் கிடையாது.

இதெல்லாம் டிடிஎஸ் மாதிரி சாய்வாக எழுதும் சாதிக்கு மட்டும் உள்ள வியாதி என்று, எல்டிஓ என்ற பிற்காலத்து டேப் வகை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். ஒருவகையில் சரிதான். எல்டிஓ டேப்பில் தொழிற்சாலையிலேயே ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ பட்டைகளை எழுதிவிடுகிறார்கள். டிரைவ் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால் இந்த அளவுக்குத் தன்போக்கில் போக முடியாது. ஆனால் அங்கேயும் டிரைவ் இல்லாமல் டேப்புக்கு மதிப்பில்லை. எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை பின்னால் வாசித்த டிரைவ்கள், எல்டிஓ-8 வந்தபோது ஒரு தலைமுறைக்குச் சுருங்கிவிட்டன. டேப் முப்பது வருஷம் தாங்கும் என்று அட்டையில் போடுகிறார்கள். டிரைவ் எத்தனை வருஷம் தாங்கும் என்று யார் போடுகிறார்கள்?

நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களின் படங்கள் கொண்ட டேப்கள் சுமார் 1,500, அமெரிக்காவில் பத்திரமாகவே இருந்தன. அவற்றை வாசிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்கள்தான் இல்லாமல் போகவிருந்தன. நான்சி எவன்ஸ் என்ற நாசா ஆவணக் காப்பாளர் ஆளுயர டிரைவ்கள் சிலவற்றை வருஷக்கணக்கில் தன் வீட்டு கராஜில் போட்டு வைத்திருந்தார். பிற்பாடு டென்னிஸ் விங்கோ, கீத் கௌவிங் இருவரும் அவற்றை நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோய், ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாட்டி ஓடவைத்தார்கள். 1966 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் விளிம்புக்கு மேலே பூமியை எடுத்த படம் 2008 நவம்பரில் அப்படித்தான் மீண்டும் தெளிவாக வந்தது. அந்தக் கராஜில் கார் நிற்க இடமிருந்ததா என்று எனக்கு ஒரு யோசனை.

டேப் என்றாலே சிரிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: 2011 பிப்ரவரிக் கடைசியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியாகிவிட, ஆன்லைனில் இருந்த நகல்களையும் அது பாதித்துவிட்டதால், கூகுள் மீட்டது டேப்பிலிருந்துதான்.

திருகிய டிரைவ்

முதலாளிக்கு இதெல்லாம் தேவையில்லாத தத்துவம். 2002 டேப்பில் அந்த மாடலின் டிராயிங் ஒன்று கிடைத்ததுமே, ‘கெடச்சிருச்சில்ல, பேட்டர்னுக்குக் கொடுத்துருங்க’ என்றார். நல்லவேளையாக பேட்டர்ன் ஆசாரி பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நூற்பாலையிலிருந்து மாதிரிக்கு வந்திருந்த தேய்ந்த இம்பெல்லரில் வேன், அதாவது தண்ணீரைத் தள்ளும் இதழ், ஆறு. டிராயிங்கில் ஐந்து. இடையில் டிசைனை மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய டிராயிங் 2004 டேப்பில், எந்த டிரைவும் முழுசாக வாசிக்காத அந்த நடுக்காலத்து டேப்பில்.

முதலில் கம்பெனி டிரைவை, கைடில் கை வைக்காமல், வாசிக்கக்கூடிய ஒவ்வொரு டேப்பையும் வாசிக்க வைத்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். நொடிக்கு ஏறக்குறைய ஒரு எம்பி; முழு டேப் ஓடி முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்த டிரைவ் எப்போது வேண்டுமானாலும் கண்ணை மூடலாம் என்பதால் நடுவில் ஓய்வும் கொடுத்தேன். அடுத்து, பழைய குவியல் முழுவதையும் ரிச்சி தெரு டிரைவில். இரண்டும் தீர்ந்த பிறகுதான் ரிச்சி தெரு டிரைவை டெக் அண்ணா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். இப்போது அது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

அந்த டிரைவின் லாக் பெயிண்ட் மணியாக, முழுதாக இருந்தது. ‘நல்லா இருக்கறதக் கெடுக்கச் சொல்றீங்க’ என்று சிரித்துக்கொண்டே ஊசிமுனையால் அதை உடைத்தார். 2004 டேப்பை ஓடவிட்டு, டிரைவ் எவ்வளவு பிழையைத் திருத்துகிறது என்று அதன் ஸ்கஸி லாக் பக்கத்திலிருந்து படித்துச் சொல்வது என் வேலை. அவர் கைடை ஒரு மயிரிழை இறக்குவார். நான் எண்ணைச் சொல்வேன். கூடினால் திருப்பி ஏற்றுவார், குறைந்தால் இன்னும் ஒரு இழை. திரையை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எண் மளமளவென்று விழுந்த ஓர் இடத்தில் நான் சொல்வதற்கு முன்பே கையை எடுத்துவிட்டார். டிரம்மின் சத்தம் மாறியதாம். எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை.

ஆறு வேன் டிராயிங் வந்தது. பேட்டர்ன் முடிந்து, வார்ப்பும் ஆகி, இம்பெல்லர் நூற்பாலைக்குப் போய்விட்டது. முதலாளியைப் பொறுத்தவரை வேலை தீர்ந்தது; பில்லையும் பேரம் பேசாமல் கொடுத்தார். டெக் அண்ணாவின் கூலியைக் கேட்டுத்தான் அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. ‘ஒரு ஸ்க்ரூவத் திருகினதுக்கா?’ என்றார். திருகாமல் விட்ட ஸ்க்ரூவுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.

2003-ன் பிற்பாதி டேப்கள் மீதமிருக்கின்றன. கைடு அப்போது வேறு உயரத்தில் இருந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருகிப் பார்க்க வேண்டும். அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்த்து, சம்பளப் பட்டியல், கொஞ்சம் டிராயிங், வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு மாடலின் டெஸ்ட் ரிப்போர்ட் என்கிறார். யாருக்கும் அவசரமில்லை. இரண்டு டிரைவும் இப்போது என் வீட்டில்தான் இருக்கின்றன. கம்பெனி டிரைவின் மேல் ‘திருகாதே’ என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் பையன் எதைப் பார்த்தாலும் கழற்றுகிறான்.